நினைவுள்ள தோல்

கணேச உற்சவம் நிறைவுறும் அனந்த சதுர்த்தசி அன்று புனே நகரின் லட்சுமி சாலை முழுக்கத் தோல் வாத்தியங்களுக்கே உரியது. கஸ்பா கணபதி முதலில் வர, தாம்ப்டி ஜோகேஸ்வரி, குருஜி தாலீம், துளசிபாக், கேசரிவாடா என ஊரின் முதல் மரியாதைக்குரிய மற்ற நான்கு கணபதிகளும் வரிசை மாறாமல் பின்தொடர்கிறார்கள். ஊர்வலம் ஒரு பகலையும் ஓர் இரவையும் தாண்டி நகர்கிறது. கணபதிகளுக்கு முன்னால் டோல்-தாஷா குழுக்கள். புனேக்காரர்கள் இந்தக் குழுவை ‘பதக்’ என்பார்கள். கழுத்தில் தொங்கும் சிறிய தாஷாவை இரண்டு மெல்லிய குச்சிகளால் பொரிய விடுபவர் வேகத்தைத் தீர்மானிக்கிறார். இடுப்பில் கட்டிய பெரிய டோலை ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் உள்ளங்கையாலும் அடிக்கும் கூட்டம் அவருக்குப் பதில் சொல்கிறது. 1890களில் பொது விழாவாக உருவெடுத்த கணேச உற்சவத்தின் இன்றைய ஒலி இதுதான். 1962இல் ஞானப் பிரபோதினி கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய அப்பாசாகேப் பெண்டசே, மாணவர்களைக் கொண்டு கட்டுக்கோப்பான குழுக்களை அமைத்து இந்த ஒலிக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர்.

இதே ஊருக்கு இன்னொரு காதும் உண்டு. 1953 முதல் சவாய் கந்தர்வ இசை விழாவில் பாடகர் பீம்சேன் ஜோஷியையும் அவருடைய தலைமுறையினரையும் கேட்டு வளர்ந்த காது அது. மராத்தி நடிகர் பால கந்தர்வரின் நாடகக் குழுவில் அகமத் ஜான் திரக்வா தபலா வாசித்த காலத்தின் தொடர்ச்சி அதற்கு உண்டு. 1960இல் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் தொடங்கிய திரைப்படக் கல்லூரி, ஒலிப்பதிவையே பாடமாகக் கற்றவர்களை இங்கிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. தெருவின் முழக்கமும் மேடையின் நுணுக்கமும் ஒலிப்பதிவுக் கல்வியும் ஒரே நகரில் சேர்ந்திருப்பதால், ஒரு கேள்வியைக் கேட்கப் புனே மிகப் பொருத்தமான இடம். கணினிக்குள் இருக்கும் டிரம் மென்பொருள், தோல் வாத்தியத்தின் எந்தப் பகுதியைப் பிடித்திருக்கிறது? எதைத் தவறவிட்டிருக்கிறது?

இந்த மென்பொருள்களின் அடிப்படை எளியது. ஒரு கலைஞரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுக்குச் சாம்பிள் என்று பெயர். கீபோர்டிலோ பேடிலோ விரல் பட்டதும் அதற்குரிய சாம்பிள் ஒலிக்கிறது. திரைப்படப் பின்னணி இசை, விளம்பரம், பக்திப் பாடல், வீட்டறையில் உருவாகும் தனிப்பாடல் என எல்லா இடத்திலும் இன்று இப்படி உருவான தாளம்தான் பெருமளவு ஒலிக்கிறது. இவற்றை நாள்தோறும் பயன்படுத்துபவர்களிடம் நீண்ட வேண்டுகோள் பட்டியல் ஒன்று இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அவை வசதிகளைக் கேட்பவை. இயற்பியல் தெரிந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஒரே குறையைச் சுட்டுகின்றன: தோலுக்கு நினைவு உண்டு, மென்பொருளுக்கு அது இல்லை.

ஒரே அடி இருமுறை விழாது

பட்டியலில் பழைய வேண்டுகோள் இது. வேகமாக ஒரே சொல்லை, அதாவது வாயால் சொல்லிப் பழகும் ஒரே அடியை, திரும்பத் திரும்ப வாசித்தால் மென்பொருள் இயந்திரத் துப்பாக்கியாகிவிடுகிறது. காரணம் தெளிவு. ஒரே பதிவு அணுவளவும் மாறாமல் திரும்ப ஒலிக்கிறது. மனிதக் கை எத்தனை பயிற்சி பெற்றிருந்தாலும், விரல் விழும் இடம் ஒரு மில்லிமீட்டராவது நகர்கிறது. தோலைத் தொட்டிருக்கும் நேரமும் மாறுகிறது. அந்தச் சிறு மாற்றங்களைக் காது உயிருள்ள ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அவை இல்லாத இடத்தில் சில நொடிகளிலேயே சலிப்படைகிறது.

தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வு, ஒரே அடியைப் பலமுறை பதிந்து சுழற்சி முறையில் ஒலிக்கவிடுவது. ரவுண்ட் ராபின் என்று இதற்குப் பெயர். நான்கு பதிவுகள் மட்டும் சுழன்றால், நான்கு அடிக்கு ஒருமுறை அதே வரிசை திரும்புவதை ஊன்றிக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் எட்டு வேண்டும், பன்னிரண்டு வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அடுத்தது அடியின் பலம். மின்னணு இசைக் கருவிகளுக்காக 1983இல் வந்த மிடி என்னும் பொதுமொழி, ஒரு விரல் எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பதை 1 முதல் 127 வரையான எண்ணாகச் சொல்கிறது. ஆனால் மென்பொருளுக்குள் 127 பதிவுகள் இருப்பதில்லை. ஐந்தோ பத்தோ அடுக்குகள் இருக்கும். இடைப்பட்ட எண்களுக்கு, அருகில் உள்ள பதிவின் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். தோல் அப்படி நடந்துகொள்வதில்லை. ஓங்கி அடிக்கும்போது கையோ குச்சியோ தோலைத் தொட்டிருக்கும் நேரம் சுருங்குகிறது. அதனால் உயர் அதிர்வெண்கள் அதிகம் எழுகின்றன, ஒலி கூர்மையாகிறது. பலத்த அடியில் தோல் ஒரு கணம் கூடுதலாக இழுபடுவதால் சுருதியே சற்று மேலே தொடங்கிப் பிறகு கீழிறங்கி நிலைக்கிறது. மெல்லிய அடியின் பதிவை உரக்க வைத்தால் பலத்த அடி கிடைக்காது. உரக்க ஒலிக்கும் மெல்லிய அடிதான் கிடைக்கும். அடுக்குகள் மாறும் இடத்தில் குரல் தடாலென்று மாறுகிறது என்ற முறையீடும் இதிலிருந்தே வருகிறது. 2020இல் ஏற்கப்பட்ட மிடி 2.0, அடியின் பலத்தை 65,536 படிகளில் சொல்ல வழி செய்தது. அளவுகோல் நுட்பமாகிவிட்டது. அளவுகோலுக்கு ஏற்ற ஒலி உள்ளே இருக்கவேண்டும் என்பதே இப்போதைய கோரிக்கை.

ஒரு டோல், ஐம்பது டோல்

லட்சுமி சாலையின் முழக்கம் வேண்டும் என்று கேட்கும் இசையமைப்பாளருக்கு மென்பொருள் தரும் குறுக்குவழி, ஒரு டோலின் பதிவை ஐம்பதாக நகலெடுப்பது. இங்கே ஒரு கணக்கு உண்மையைக் காட்டிவிடும். அச்சு அசலான ஐம்பது நகல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் காற்றழுத்தம் ஐம்பது மடங்காகிறது. டெசிபலில் அது சுமார் 34 கூடுதல். ஐம்பது வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு டோல்களை அடித்தால் அலைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சேர்கின்றன. அப்போது கூடுவது சுமார் 17 டெசிபல்தான். நகல் முறையில் கிடைப்பது மிகப் பெரிதாக ஒலிக்கும் ஒற்றை டோல். கூட்டம் அதில் இல்லை. நகல்களைச் சில மில்லிநொடிகள் முன்பின்னாகத் தள்ளினால் வேறு சிக்கல் எழுகிறது. ஒரே அலையின் நகல்கள் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒலி வெற்றாகி உலோகச் சாயல் பெறுகிறது.

உண்மையான பதக்கில் நடப்பது வேறு. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. குழுவின் முன்வரிசையிலிருந்து 15 மீட்டர் பின்னால் நிற்பவருக்குத் தாஷாவின் ஒலி ஏறக்குறைய 44 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேர்கிறது. அவர் கண்ணால் முன்னவரின் கையைப் பார்த்து, காதால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் தன் அடியை வைக்கிறார். ஒவ்வொரு டோலின் தோலும் வேறு இழுவையில் இருக்கிறது. இருபுறக் கட்டடங்களும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த முழக்கத்தின் பருமன். ஆகவே பயனர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்துப் பேரையாவது சேர்ந்து வாசிக்கவைத்துப் பதியுங்கள். அருகில் வைத்த மைக், மேலே தொங்கும் மைக், தெருவின் தூரத்தில் வைத்த மைக் ஆகியவற்றைத் தனித்தனி ட்ராக்குகளாகக் கொடுங்கள். எவ்வளவு தெரு வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்கிறார்கள்.

இந்தக் கணக்கு மென்பொருளோடு நிற்பதில்லை. 2024 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் புனேயின் ஒவ்வொரு டோல்-தாஷா குழுவிலும் 30 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நிறுத்திவைத்தது. தெருவோரம் வாழும் முதியவர்களின் தூக்கமும் காதும் மெய்யான கவலைகள். ஆனால் ஒத்திசையாத ஒலிமூலங்களைப் பாதியாக்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. அறுபது பேரை முப்பதாக்கினால் குழுவின் பருமன் பாதியாகும், காதுக்குள் போகும் ஒலி சற்றுத்தான் தணியும். தூரம், நேரம், ஒலிபெருக்கிகள் ஆகியவற்றைக் கவனிப்பது கூடுதல் பலன் தரும்.

இராமன் கண்ட ஒன்பது அதிர்வுகள்

டோலிலிருந்து தபலாவுக்கும் மிருதங்கத்துக்கும் வரும்போது சிக்கல் ஆழமாகிறது. இவை தாளத்தோடு சுருதியையும் சுமப்பவை.

சீரான வட்டத் தோல் ஒன்று அதிரும்போது எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் போகின்றன. எதுவும் முழு எண்ணின் மடங்கு அல்ல. ஆகவே சாதாரண டிரம்மில் தெளிவான சுருதி கேட்பதில்லை. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன், கல்கத்தாவில் பணியாற்றியபோது சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். நம் மிருதங்கமும் தபலாவும் இந்த விதியிலிருந்து விலகி, தந்தி வாத்தியத்தைப் போலவே முழு எண் மடங்குகளில் ஒலிக்கின்றன என்றார். 1934இல் பெங்களூரிலிருந்து எழுதிய விரிவான கட்டுரையில், தோலின் மீது மணலைத் தூவி அது சேரும் கோடுகளைப் பார்த்து அதிர்வு வகைகளைப் பிரித்தறிந்தார். தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுருதிப் படிகளாகத் திரண்டுவிடுகின்றன. முதல் படியிலும் இரண்டாம் படியிலும் தலா ஒன்று, மூன்றாம் நான்காம் படிகளில் இரண்டிரண்டு, ஐந்தாவதில் மூன்று. சிதறிக் கிடக்கவேண்டிய அதிர்வுகளை இப்படிக் கூட்டிச் சேர்ப்பது நடுவில் அப்பிய கரிய சாந்து. மிருதங்கத்தில் அது சோறு, தபலாவில் ஸ்யாஹி.

1954இல் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும், நடுவில் கனமும் ஓரத்தில் இலேசுமான கூட்டுத் தோலாக இதைக் கணித்துக் காட்டினார்கள். 2009இல் ஜி. சதேஜும் சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் ரோனோஜாய் அதிகாரியும், சாந்தின் தடிமன் நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாகக் குறைவதைக் கணக்கில் சேர்த்தால் முழு எண் ஒழுங்கு இன்னும் நன்றாக அமைகிறது என்று நிறுவினார்கள். சாந்தை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவருவது இதைத்தான்.

இனிப் பயனரின் வேண்டுகோளுக்கு வருவோம். “என் பாடகரின் ஷட்ஜத்துக்குத் தபலா சேரவில்லை.” மென்பொருள் செய்வது, பதிவை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டிச் சுருதியை மாற்றுவது. ஐந்து அரைச்சுரம் மேலே ஏற்றினால் பதிவு 1.33 மடங்கு வேகமாக ஓடுகிறது. அடிக்குப் பின் மூன்று நொடி நீளும் ஒலி, அதாவது கார்வை, இரண்டேகால் நொடியில் அடங்கிவிடுகிறது. தோலோடு சேர்ந்து மரக்கட்டையின் குரலும் விரல் தட்டும் ஒலியும் மேலே போய்விட, வாத்தியமே சிறியதாகிவிட்டதாகக் காது உணர்கிறது. மேடையில் கலைஞர் இப்படிச் செய்வதில்லை. சுத்தியலால் தட்டிச் சேர்க்கிறார். தேவையென்றால் வேறு அளவுள்ள வாத்தியத்தையே எடுக்கிறார். ஆகவே ஒவ்வொரு சுருதிக்கும் அதற்குரிய வாத்தியத்தைப் பதியவேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம் கேட்கவில்லை. வாத்தியத்தின் இயல்பைத்தான் கேட்கிறார்கள்.

முந்தைய அடி எங்கே போகிறது?

இப்போது மையக் கேள்வி. தபலாவில் ‘நா’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலை இலேசாகத் தொட்டிருக்க, சுட்டுவிரல் ஓரத்தில் விழுகிறது. தொட்டிருக்கும் விரல் அடிப்படை அதிர்வை ஒடுக்கி, மற்ற சிலவற்றை வாழவிடுகிறது. இராமன் மணலில் கண்ட அதிர்வு வகைகளிலிருந்து தேவையானதைக் கலைஞரின் விரல் அந்தக் கணத்தில் தேர்ந்தெடுக்கிறது. அந்த ஒலி அடங்குவதற்குள் அடுத்த அடி வருகிறது. நொடிக்குப் பத்து அடி என்ற வேகத்தில் அடிகளுக்கு இடையே இருப்பது 100 மில்லிநொடி. கார்வையோ அதைவிடப் பலமடங்கு நீளம். ஆகவே ஒவ்வொரு புதிய அடியும் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் தோலின் மீதுதான் விழுகிறது. ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைத் தள்ளுகிறவர் எந்தக் கணத்தில் கை வைக்கிறார் என்பதைப் பொறுத்து அது வேகம் பெறும் அல்லது நிற்கும். தோலும் அப்படியே.

மென்பொருளில் என்ன நடக்கிறது? பத்து அடிக்குப் பத்துப் பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அமைதியான ஸ்டூடியோவில், அசையாமல் இருந்த தோலில் பதிவானது. கேட்பவரின் காதுக்கு வருவது பத்துத் தபலாக்களின் ஒலி. அவற்றில் எதற்கும் மற்றது அடிக்கப்பட்டது தெரியாது. ‘நா’வுக்குப் பின் மூடிய ‘தே’ வந்தால் உண்மையான தோலில் முந்தைய கார்வை அறுபட்டுவிடும். மென்பொருளில் அது ‘தே’க்கு அடியில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர்கள் ஒரு சாம்பிள் இன்னொன்றை நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்கிறார்கள். ஆனால் கை தோலைத் தொடும்போது எல்லா அதிர்வும் ஒரே அளவில் நிற்பதில்லை. எந்த இடத்தில், எத்தனை அழுத்தத்தில் தொட்டது என்பதைப் பொறுத்துச் சில உடனே அடங்கும், சில தேயும்.

இடக்கையில் இது இன்னும் வெளிப்படை. தபலாவின் பாயானில் மணிக்கட்டு தோலை அழுத்திச் சறுக்க, ‘கே’யின் சுருதி வளைந்து ஏறுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் நாம் கும்கி என்று ரசிப்பதும் இந்த வளைவுதான். கச்சேரிக்கு முன் அங்கே அப்பும் ரவைப் பசை காயக் காய அதன் குரலும் நகர்கிறது. மென்பொருளில் கும்கி ஐந்தாறு பதிவுகளாகக் கிடைக்கிறது: ஏறும் கும்கி, இறங்கும் கும்கி, நீண்டது, குறுகியது. பயனர் கேட்பது, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் கை அழுத்தத்தால் அதை வளைக்கும் வழி. அடி விழுந்த பிறகும் வாத்தியம் தன் கையில் இருக்கவேண்டும் என்கிறார் அவர். ஒரு தபலாக் கலைஞருக்கு இது அடிப்படை உரிமை.

கணக்கு முட்டி நிற்கும் இடம்

எல்லா நிலைகளையும் பதிந்து வைத்துவிட்டால் தீராதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நொடிப் பதிவு ஒன்று, இரண்டு தடத்தில், நொடிக்கு 48,000 அளவீடுகளில், 24 பிட் துல்லியத்தில் ஏறக்குறைய 0.86 மெகாபைட். பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து பலங்கள், எட்டுச் சுழற்சிகள், ஐந்து மைக் நிலைகள் என்றால் 4,800 பதிவுகள், 4.1 ஜிகாபைட். பரவாயில்லை. இனி முந்தைய சொல் எதுவோ அதற்கேற்ப ஒவ்வொரு சொல்லையும் பதியவேண்டும் என்றால் பன்னிரண்டு மடங்கு, சுமார் 50 ஜிகாபைட். பன்னிரண்டு சுருதிக்கும் என்றால் சுமார் 600 ஜிகாபைட். இதில் ஒரே ஓர் அடி பின்னோக்கிய நினைவுதான் இருக்கிறது. இரண்டு அடி என்றால் இன்னும் பன்னிரண்டு மடங்கு. அத்தனையையும் ஒரு கலைஞரை வைத்துப் பதிவது நடைமுறைக்கு ஒவ்வாது.

இந்த முட்டுக்கட்டை புதிதல்ல. 1980இல் ராஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம் பதிவுகளை ஒலித்த முன்னோடிக் கருவி. நினைவகத்தின் விலை அன்று அதிகம். நீண்டு ஒலிக்கும் பெரிய சிம்பல்களை அதில் சேர்க்க முடியவில்லை. இன்று நினைவகம் மலிந்துவிட்டது; சிம்பல் கிடைத்துவிட்டது. ஆனால் நிலைகளின் எண்ணிக்கை பெருக்கல் கணக்கில் வளர்வதால், எவ்வளவு மலிந்தாலும் நினைவகம் அதை எட்டிப் பிடிக்காது. மென்பொருள் திறக்கவே நேரமாகிறது, கணினி திணறுகிறது என்ற முறையீடுகளின் வேரும் இங்கேதான். பதிவுகளைக் கூட்டிக்கொண்டே போவது ஓர் எல்லைவரை பலன் தரும் பாதை, அவ்வளவே.

எல்லைக்கு அப்பால் இருக்கும் பாதையை இராமனே காட்டிவிட்டார். தோலின் ஒவ்வொரு அதிர்வு வகைக்கும் மூன்று எண்கள் போதும்: அதிர்வெண், எழும் அளவு, அடங்கும் வேகம். சில பத்து எண்களில் ஒரு தோலை எழுதிவிடலாம். அடி என்பது இந்த எண்களுக்குக் கொடுக்கும் உந்தல். கை படுவது என்பது அவற்றின் அடங்கும் வேகத்தை மாற்றுவது. அழுத்துவது என்பது இழுவையைக் கூட்டி அதிர்வெண்ணை உயர்த்துவது. முந்தைய அடியை இப்போது தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை, அதிர்வுகளின் இந்தக் கண நிலையே அந்த நினைவு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அஜய் கபூரும் நண்பர்களும் 2002இல் செய்த மின்னணுத் தபலா இந்த வழியில் போனது. விரலின் இடத்தையும் அழுத்தத்தையும் உணரும் பரப்பு ஒரு பக்கம், தோலின் அதிர்வைக் கணக்கிட்டு ஒலி உண்டாக்கும் நிரல் மறுபக்கம்.

எதிர்த்திசையிலும் பாதை திறந்திருக்கிறது. 2013இல் மிருதங்கக் கலைஞர் அக்‌ஷய் அனந்தபத்மநாபனும், சென்னை ஐஐடியின் அஷ்வின் பெல்லூரும் ஹேமா மூர்த்தியும், மிருதங்க ஒலிப்பதிவைக் கணிதமுறையில் அதிர்வு வகைகளாகப் பிரித்து, எந்த வகை எப்போது எவ்வளவு எழுந்தது என்பதிலிருந்து வாசித்த சொல்லைக் கண்டறிந்தார்கள். பதிவைப் பிரிக்க முடியுமென்றால், பிரித்த துண்டுகளை வேறு நிலையில் மீண்டும் சேர்க்கவும் முடியும்.

முழுக்கக் கணக்கிட்ட ஒலிக்கு ஒரு குறை உண்டு. விரல் தோலில் படும் முதல் சில மில்லிநொடிகளின் உராய்வையும் தட்டலையும் சமன்பாட்டில் எழுதுவது கடினம். அங்கே பதிவு வெல்கிறது. கார்வை, அடக்கம், வளைவு ஆகியவற்றில் கணக்கு வெல்கிறது. அடியின் தொடக்கத்தைக் கலைஞரின் பதிவிலிருந்தும், அதன் பிந்தைய வாழ்வை அதிர்வுக் கணக்கிலிருந்தும் எடுக்கும் கலப்பு முறையே பயனர் பட்டியலின் பெரும்பகுதிக்கு ஒரே பதில் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைக்கும் நினைவு உண்டு

தோலுக்கு அடுத்தது கை. மென்பொருளில் எழுதிய தாளம் இயந்திரம்போல் இருக்கிறது என்று சொன்னால், ‘மனிதத்தன்மை’ சேர்க்கும் பொத்தான் ஒன்றைக் காட்டுவார்கள். அது ஒவ்வோர் அடியையும் தாயக்கட்டை உருட்டிய கணக்கில் முன்பின் தள்ளும். 2011இல் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர், கானாவைச் சேர்ந்த ஒரு டிரம் கலைஞர் உட்படப் பலரின் வாசிப்பை அளந்தார்கள். அடிகளின் சிறு விலகல்கள் தொடர்பற்றவை அல்ல என்று கண்டார்கள். இப்போதைய விலகல் நெடுநேரம் முந்தைய விலகல்களோடு தொடர்புடையது. அப்படித் தொடர்புள்ள விலகல்களைச் சேர்த்த இசையையே, தொடர்பற்ற விலகல்கள் சேர்த்ததைவிடக் கேட்பவர்கள் விரும்பினார்கள். சற்று முந்திவிட்ட கலைஞர் அதை உணர்ந்து, பல அடிகளில் மெல்ல மெல்லத் திருத்திக்கொள்கிறார். லயம் என்று நம் ஆசிரியர்கள் கற்றுத்தருவதில் இந்தத் திருத்தமும் அடக்கம். தாயக்கட்டைக்கு அது தெரியாது.

வாசிப்பவர் பேடில் அடிக்கும்போது ஒலி தாமதமாக வந்தால் இந்தத் திருத்தமே குலைந்துபோகிறது. நொடிக்கு 44,100 அளவீடுகளில் இயங்கும் கணினி, 512 அளவீடுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் தாமதம் 11.6 மில்லிநொடி. தன் மடியில் இருக்கும் தபலாவை நான்கு மீட்டர் தள்ளி வைத்துக் கேட்பதற்குச் சமம் அது. தாமதத்தைக் குறையுங்கள் என்ற வேண்டுகோளை ஆடம்பரமாக நினைக்கக்கூடாது.

தாளத்தின் நினைவு

மூன்றாவது நினைவு தாளத்துடையது. பெரும்பாலான டிரம் மென்பொருள்களில் வரும் தயார்நிலைக் கோவைகள் நான்கு நான்காக எண்ணுபவை. புனேயில் ஒரு பாடலுக்குப் பத்து மாத்திரை ஜப்தால் வேண்டும். அது இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று பிரியும். ஏழு மாத்திரை ரூபக் மூன்று, இரண்டு, இரண்டாகப் பிரிந்து, கைதட்டு விழாத பகுதியான காலியிலேயே தொடங்கும். சென்னையில் மிஸ்ர சாபு வேண்டும், கண்ட சாபு வேண்டும், சுழற்சியின் தொடக்கமான சமத்தை விட்டுத் தள்ளி எடுப்பு வேண்டும். பெங்களூரின் ராடெல் நிறுவனம் தந்த தாலமாலா போன்ற மின்னணுக் கருவிகள், வீட்டில் தனியே சாதகம் செய்பவருக்குத் தாளச் சுழற்சியை அதன் சொந்தக் கணக்கில் கொடுத்தன. அந்த அறிவு இன்றைய சாம்பிள் மென்பொருளுக்குள் முழுமையாக வரவில்லை.

எண்ணிக்கையை மாற்றினால் மட்டும் போதாது. பதினாறு மாத்திரைத் தீன்தாலில் காலிப் பகுதி வரும்போது இடக்கையின் திறந்த கார்வை விலகுகிறது, ‘தா’வின் அடிக்குரல் காணாமல் போகிறது. அந்த இன்மையைக் கேட்டுத்தான் பாடகர் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிகிறார். தாளச் சுழற்சியில் தன் இடத்தை அறிந்திருக்கும் மென்பொருளால்தான் இதைச் செய்ய முடியும். சொற்கட்டை வாயால் சொல்லும் முறையிலேயே தட்டச்சு செய்தால் அது வாசிக்கவேண்டும், தமிழிலோ தேவநாகரியிலோ எழுதினாலும் புரிந்துகொள்ளவேண்டும், முத்தாய்ப்பு எங்கே தொடங்கினால் சமத்தில் விழும் என்று கணக்கிட்டுத் தரவேண்டும் என்ற கோரிக்கைகளும் இதிலிருந்து எழுகின்றன. இவற்றுக்குப் புதிய இயற்பியல் எதுவும் தேவையில்லை. தாளம் அறிந்தவர்களை நிரல் எழுதும் மேசைக்கு அழைத்தால் போதும்.

யாருடைய கை?

இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1982இல் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இன இசையியல் ஆவண மையம் புனேயில்தான் தொடங்கியது. பின்னர் தில்லிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அத்தகைய ஆவணக் காப்பகங்களில் ஒரு பதிவோடு யார் வாசித்தார், எங்கே, எப்போது, எந்தச் சடங்கில் என்ற குறிப்புகளும் சேர்த்தே காக்கப்படுகின்றன. சாம்பிள் லைப்ரரி வாங்குபவருக்குப் பல நேரம் ‘இந்தியத் தாளக் கருவிகள்’ என்ற பெயரும் ஒரு படமும் மட்டுமே கிடைக்கின்றன. எந்தக் கலைஞரின் விரல், எந்தக் கைவினைஞர் கட்டிய வாத்தியம், எந்த ஊரின் வாசிப்பு முறை என்பது இல்லை. ஒரு நாள் கூலி பெற்றுச் சென்ற கலைஞரின் அடி, உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பாடல்களில் பெயரின்றி ஒலித்துக்கொண்டிருக்கலாம். பெயரும் தொடர்ந்து வரும் ஊதியமும் அவருக்குச் சேரவேண்டும். பயனருக்கும் இதில் நேரடிப் பலன் உண்டு. பரம்பரை தெரிந்தால்தான் எந்த அடி எந்தப் பாடலுக்குப் பொருந்தும் என்று தெரியும். பறையைத் தீயில் காய்ச்சிப் பதிந்தார்களா, காய்ச்சாமலா என்பது ஒலியையே மாற்றும் செய்தி.

ஆகவே புதிய டிரம் மென்பொருள் ஒன்றைக் கையில் எடுப்பவர் எத்தனை ஜிகாபைட் என்று முதலில் கேட்கவேண்டாம். நான்கு சோதனைகள் போதும். ‘நா’ ஒன்றை ஒலிக்கவிட்டு, உடனே ஒரு மூடிய அடியை மெல்ல வையுங்கள்: கார்வை தேய்கிறதா, கத்தரித்ததுபோல் நிற்கிறதா, எதுவுமே நடக்காததுபோல் தொடர்கிறதா? இடக்கையில் ஒரு ‘கே’ அடித்து, அது ஒலிக்கும்போதே அழுத்துங்கள்: சுருதி உங்கள் கையைப் பின்தொடர்கிறதா? ஏழு மாத்திரையில் ஒரு சுழற்சி கேளுங்கள்: காலி எங்கே என்று அதற்குத் தெரிகிறதா? கடைசியாக, வாசித்தவரின் பெயரைத் தேடுங்கள். நான்குக்கும் நல்ல பதில் தரும் மென்பொருளை உருவாக்கத் தேவையான இயற்பியல் 1934 முதல் நம்மிடம் இருக்கிறது. கணினிகளுக்கு வேகம் வந்துவிட்டது. தாளம் தெரிந்தவர்களும் நிரல் தெரிந்தவர்களும் புனேயிலும் சென்னையிலும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். அவர்கள் சேர்ந்து உட்காரவேண்டிய வேலை இது. அதை வெளியிலிருந்து யாரோ செய்து தரும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை.